ஏழாம் படமும் எட்டாம் படமும்

ஆக. 26, 1982. வியாழன்.

காலையிலேயே புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு வரவில்லை. இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றுவதே பாதி உத்தியோகம். வீட்டில் கேமரா அலமாரிக்குள் ஒரு பல்பு எப்போதும் எரிகிறது. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளைக்கு எரிவதுபோல என்கிறாள் ரீட்டா. கல்யாணமான நாளிலிருந்து இதே கிண்டல்தான். அவள் நர்ஸ், எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

ஞாயிறு கல்யாணத்துக்குப் பை அடுக்கினேன்.

ஜப்பான்காரன் (கல்யாணக் கேமரா), கலர் ரோல் போட்டது.
ஃபிளாஷ், அதன் வயர்.
கூடுதல் கலர் ரோல்கள்.
லென்ஸ் துடைக்க ரீ.யின் பழைய வாயில் சேலைத் துண்டு.
இரண்டாம் ஜப்பான்காரன்: இல்லை. நார்த் பிரிட்ஜ் ரோடு சீனரிடம் ரிப்பேரில் படுத்திருக்கிறான். சனிக்கிழமை தருகிறாராம். போன சனிக்கிழமையும் இதையேதான் சொன்னார்.

மத்தியானம் சுங்கை ரோடு சந்தைக்கு ஒரு நடை. சும்மா பார்க்கத்தான் போனேன். ஒரு மடிப்புக் கேமராவோடு திரும்பினேன். மூடினால் சட்டைப் பையில் அடங்கும், திறந்தால் தோல் மடிப்பு விரிந்து லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். மடிப்பில் ஒரே ஒரு ஓட்டை. கறுப்புத் துணி ஒட்டினால் சரியாகிவிடும். ஷட்டரை அமுக்கினால் என்ன சுத்தமான சத்தம். ரீ. பார்த்துவிட்டுச் சொன்னது: "சோறு போடுற கேமரா ரெண்டு. உக்காந்து சாப்பிடுற கேமரா ஒரு அலமாரி."

அவள் கணக்கில் ஒருவன் விட்டுப்போனான். இரட்டைக்கண்ணன். ஜெர்மன்காரன், என்னைவிட வயதானவன். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் கண்ணால் நாம் பார்க்க வேண்டும், கீழ்க்கண் படம் பிடிக்கும். இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்த்தால் கண்ணாடியில் உலகமே இடம்வலம் மாறித் தெரியும். அவனும் சோறு போடுகிறவன்தான், ஆனால் துக்க வீட்டுச் சோறு. எங்கள் தெருவில் அவனுக்குப் பெயர் சாவுக் கேமரா. சாவு எடுத்த கேமராவைக் கல்யாண வீட்டில் தூக்கக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் ஞாயிறு பூசைக்குப் போகிறவன். ஆனால் நம்புகிறவர்கள்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதனால் துக்கத்துக்கென்று ஒருவனை ஒதுக்க வேண்டி வந்தபோது, இருப்பதிலேயே நல்லவனை ஒதுக்கினேன். கல்யாணத்தில் ஒரு படம் கெட்டால் மாலையை மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லலாம். செத்தவரிடம் அப்படிச் சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை பூன் லேயில் எங்கள் வீட்டுக்கு எதிர் அடுக்குமாடி புளோக்கில் எடுத்தது இன்னும் அவன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது. தங்கவேலு என்று கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். புளோக்குக்குக் கீழே பெட்டி வைத்திருந்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீடு, கலா என்று ஒரே மகள். அவள் மகன் சின்னவன். பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்துப் பெட்டியைச் சுற்ற வேண்டுமே, அவனை ஒருவர் இடுப்பில் தூக்கி, அவன் கைமேல் தன் கையை வைத்துப் பந்தத்தைப் பிடிக்க வைத்தார். அதோடு ஏழு படம். ரோலில் இன்னும் ஐந்து மிச்சம். முடிக்காமல் கழுவ எனக்கு மனசு வராது. பதினாறாம் நாள் காரியம் செப். 5, அதற்குள் கொடுத்தால் போதும் என்றாள் கலா.

ஆக. 29, ஞாயிறு. சாயங்காலம்.

காலையில் நடந்தது மனசைவிட்டுப் போகவில்லை. எழுதிவிட்டால் அடங்குமா பார்ப்போம்.

கீழே பூமாலைக் கடை வைத்திருக்கும் கோவிந்தசாமியின் மகள் வசந்தாவுக்குக் கல்யாணம். சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபம். என் ஸ்டூடியோவுக்குக் கீழ்க் கடை, தினம் முகம் பார்க்கிற மனிதர். வசந்தா பாவாடை கட்டிய வயதிலிருந்து என்னிடம் பள்ளிக்கூடப் பாஸ்போர்ட் படம் எடுத்தவள். இப்போது ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். மாப்பிள்ளை மோகன், நடுக்கடல் எண்ணெய் ரிக்கில் வேலை. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் கரை. "விரல்ல ஒரு துண்டு மெஷினுக்குக் குடுத்துட்டாரு, ஆனா தங்கமான ஆளு" என்றார் கோ.சாமி. ரிஜிஸ்டர் அடுத்த மாதமாம், மாப்பிள்ளையின் ஐ.சி. அடையாள அட்டை தொலைந்து புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கிறாராம். எல்லாரும் முதலில் ரிஜிஸ்டர் செய்து அரசாங்க வீட்டுக்கு மனுப் போடுகிற காலத்தில் இவர்கள் இப்படி.

முகூர்த்த நேரத்தில் ஒரு சண்டை. ஜனவரியில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்களே, பத்திரிகையில் போட்டது பழைய நேரமா புது நேரமா என்று பெண்ணின் பெரியப்பா கேட்க, ஐயர் கோபித்துக்கொண்டார். "புது நேரந்தான் சார், நான் என்ன தூங்கிண்டா இருக்கேன்." கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்போடு எல்லாரும் அட்சதையை எடுத்தார்கள். கெட்டிமேளம். நான் முன்னால் மண்டியிட்டு ஜப்பான்காரனைக் கண்ணில் வைத்தேன். அமுக்கினேன். உள்ளே எல்லாம் இருட்டு. பாட்டரி செத்து, கண்ணாடி மேலேயே மாட்டிக்கொண்டது. சட்டைப் பொத்தான் அளவுப் பாட்டரி ஒன்றுக்காக அத்தனை பெரிய கேமரா வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

பைக்குள் கை விட்டேன். கூடுதல் பாட்டரிக்குத்தான் விட்டேன். அடியில் கனமாக ஏதோ. இரட்டைக்கண்ணன். சாவு வீட்டிலிருந்து வந்து பைக்குள் போட்டதை எடுக்கவே இல்லை.

யோசிக்க நேரமில்லை. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் போய்விட்டது. வயரை மாற்றிச் சொருகினேன், குனிந்தேன், எடுத்தேன். சுற்றினேன். மறுபடி எடுத்தேன். இரண்டாம் படத்தில் மாப்பிள்ளை நிமிர்ந்து நேராக இரட்டைக்கண்ணனைப் பார்த்தார். முகம் சட்டென்று வெளுத்துப் போயிற்று. சாவுக் கேமரா என்று தெரிந்துவிட்டதா? பூன் லேக்காரர்களுக்குத் தெரியலாம், இவர் தம்பனீஸ் பக்கம் என்றல்லவா சொன்னார்கள்?

மூன்று படம் அவசரமாக எடுத்து ரோலை முடித்தேன். மற்றவர்கள் எல்லாரும் அட்சதை போடுவதில் இருந்தார்கள். வசந்தா மட்டும் தலை குனிந்தபடியே ஓரக்கண்ணால் என் கையிலிருந்ததைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு பாட்டரி மாற்றி ஜப்பான்காரனோடு மிச்சக் கல்யாணம்.

ரீ.யிடம் சொன்னேன். "கேமராவுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு எடுக்குது. பேசாம சாப்பிடுங்க." சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆக. 30, திங்கள்.

கலர் ரோல்களை லேபுக்கு அனுப்பினேன். இரட்டைக்கண்ணனின் கறுப்பு வெள்ளையை நானே கழுவினேன், ஸ்டூடியோ பின்னறையில். தண்ணீர் சூடாக வந்தது, ஐஸ் போட வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைச் சீனர் அவர்களுடைய பேய் மாதம் என்று செத்தவர்களுக்குக் காகிதம் எரிக்கிறார், புகை கதவிடுக்கில் வந்து ஃபிலிமில் தூசியாக ஒட்டுமோ என்று ஈரத் துணி அடைத்தேன். நெகட்டிவ் காய்ந்ததும் மும்மூன்றாக வெட்டி, நெகட்டிவ் அளவிலேயே காண்டாக்ட் பிரிண்ட் போட்டேன். எல்லாம் வழக்கம்போல.

மூன்றாவது துண்டு. ஏழு, எட்டு, ஒன்பது.

ஏழு: சாவு. நெய்ப்பந்தத்தைப் பிடித்த சின்னக் கை. அதன்மேல் பெரிய கை.
எட்டு: கல்யாணம். தாலி முடிச்சுப் போடும் கை.

அதே கை.

ஆள்காட்டி விரல் நுனி இல்லை. இரண்டு படத்திலும் இல்லை. நான் படத்தைக் கீழே வைத்தேன். போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஏழில் முகத்தில் மூன்று நாள் தாடி, தலையில் ஈரத் துண்டு, வெற்று உடம்பு. எட்டில் மழித்த முகம், தலைப்பாகை, கழுத்து நிறைய மாலை. அடியில் ஒரே தாடை, ஒரே காது. ஒன்பதில் அந்த ஆள் என்னையே பார்க்கிறான், பயந்துபோய். இப்போதுதான் புரிகிறது எதற்குப் பயந்தான் என்று. குனிந்து கேமராவுக்குள் பார்க்கிற என் உச்சந்தலையை ஒரு வாரத்துக்கு முன்தானே பார்த்திருக்கிறான்.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான் முகம் பார்ப்பதில்லை. வெளிச்சம் பார்ப்பேன், நிழல் பார்ப்பேன், யார் கண்ணை மூடுகிறார்கள் என்று பார்ப்பேன். கண்ணாடியில் இடம்வலம் மாறித் தெரிகிற கூட்டத்தில் யார் யாரென்று யார் பார்க்கிறார்கள்.

அண்ணன் தம்பியாக இருக்கலாம். இருவருக்கும் விரல் போயிருக்குமா?

கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். கீழே கோ.சாமி மல்லிகை தொடுத்துக்கொண்டே, "என்ன ஆரோக்கியம், இவ்ளோ சீக்கிரம்? படம் எப்ப லா?" என்றார். வயிறு சரியில்லை என்றேன்.

ஆக. 31, செவ்வாய்.

மழை. பஸ்ஸில் ஜன்னல் ஓட்டைவழி தோள் நனைந்தது.

மனசு நிற்காவிட்டால் நான் ஏதாவது கேமராவைப் பிரிப்பேன். புது மடிப்புக் கேமராவின் தோலை எடுத்துக் கறுப்புத் துணி ஒட்டினேன். கோணல். பிய்த்து மறுபடி ஒட்டினேன். அதுவும் கோணல்.

பதினோரு மணி வாக்கில் போன்.

"ஆரோக்கியம் அண்ணனா? நான் மோகன் பேசறேன். வசந்தா வீட்டுக்காரர்."

"சொல்லுங்க தம்பி."

"கலர் படம் எல்லாம் போடுங்கண்ணே. அந்தப் பெட்டிக் கேமரால எடுத்தீங்கள்ல, அது வேணாம் லா. வசந்தாவுக்குக் கறுப்பு வெள்ளை பிடிக்காது."

"சரி தம்பி."

"தூக்கிப் போட்டுருங்க. நெகட்டிவையும் சேத்து."

வைத்துவிட்டான். கறுப்பு வெள்ளை பிடிக்காதாம். இந்தத் தொழிலில் யாரும் இதுவரை என்னிடம் நெகட்டிவைத் தூக்கிப் போடச் சொன்னதில்லை. நெகட்டிவ் என்று ஒன்று உண்டு என்பதே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. அண்ணன் தம்பிக் கதை அத்தோடு போயிற்று.

வீட்டில் ரீ.யிடம் மூன்றையும் காட்டினேன். நர்ஸ் உடையைக்கூட மாற்றாமல் விளக்கடியில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். ரீ. ஒன்றுமே சொல்லாதது எனக்குப் படத்தைவிடப் பயமாக இருந்தது.

செப். 1, புதன்.

காலையில் பூன் லே மார்க்கெட். ரீ.க்கு மீன், எனக்குக் காப்பித்தூள். மீன்காரருக்கு முன்னால் கலா. கையில் மகனைப் பிடித்திருந்தாள். வெள்ளைச் சேலை இல்லை, ஆனால் பொட்டு இல்லை, தலை சீவவில்லை. அப்பா போன துக்கம் முகத்தில் அப்படியே.

"அண்ணே, படம் ரெடியா?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துர்றேன்மா."

"அப்பா படம் பெருசா ஒண்ணு. அப்புறம் எங்க வீட்டுக்காரர் குமாரைத் தூக்கி வச்சுப் பந்தம் பிடிச்சாரே, அது வந்திருக்கா? இவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அவர் உன் வீட்டுக்காரரா" என்று கேட்டேன். என்ன மடத்தனமான கேள்வி.

"ஆமாண்ணே. உங்களுக்குத் தெரியாதுல்ல, அவர் பாதி நாள் கடல்லதான். சாவுக்குன்னு லீவு போட்டு வந்துட்டு, ரெண்டே நாள்ல கூப்ட்டுட்டாங்கன்னு ஓடிட்டாரு. பதினாறுக்கு வந்துருவாரு. பையன் இல்லாத வீடு, அவர்தான உக்காரணும்."

குமார் என் சட்டைப் பையிலிருந்த லென்ஸ் மூடியைப் பிடித்து இழுத்தான். கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

மீன்காரர் "இக்கான் செலார் வேணுமா வேண்டாமா" என்று இரண்டு முறை கேட்டபின்தான் காதில் விழுந்தது. மீன் வாங்கினேனா? வாங்கினேன். காப்பித்தூளை விட்டுவிட்டேன்.

மாமனாரை எரித்த எட்டாம் நாளே இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியிருக்கிறான். பெட்டியைச் சுற்றிய அதே கை. என்னால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

செப். 2, வியாழன்.

கோ.சாமியிடம் சொல்வதுதான் முறை என்று முடிவு கட்டினேன். பெண்ணைப் பெற்றவர். ரீ.க்கு இதில் சம்மதமில்லை. "அவங்க அப்பாகிட்ட எதுக்கு? கட்டிக்கிட்டது அவரா, அந்தப் பொண்ணா?" என்றாள். நான் கேட்கவில்லை.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். ஏழையும் எட்டையும் மாலைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். கலா மார்க்கெட்டில் சொன்னதையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். பார்த்தார். அவர் அலறுவார், தலையில் அடித்துக்கொள்வார், மாப்பிள்ளையை வெட்டுவேன் என்று எழுந்து ஓடுவார், பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தயாராகத்தான் நின்றேன்.

"இதை யார் யாரு பாத்திருக்கா?"

இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நானும் என் மிஸ்ஸஸும்."

"வசந்தா?"

"இல்ல."

பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு.

"தரகர் சொன்னாரு ஆரோக்கியம். முன்ன ஒரு தொடுப்பு இருந்துச்சு, விட்டாச்சுன்னு. ஆம்பளைன்னா இருக்கத்தான் செய்யும்னு நானும் விட்டுட்டேன். பிள்ளை இருக்குன்னு சொல்லல. கட்டின பொண்டாட்டின்னும் சொல்லல."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல."

"தெரிஞ்சு? பந்தல் போட்டாச்சு, ஊரையே கூப்ட்டாச்சு, தாலி ஏறியாச்சு. இப்ப வெளிய சொன்னா அவளை யாரு கட்டுவா? நான் மோகன்கிட்டப் பேசிக்கிறேன். நீ அதை எரிச்சிடு."

"எதை?"

"ரெண்டையும். அந்த நெகட்டிவையும்."

"அதுல செத்தவர் படமும் இருக்குண்ணே. அந்த வீட்டுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

"எரிச்சிடு ஆரோக்கியம்" என்று மறுபடி சொன்னார். பிறகு தொடுத்த மல்லிகையில் ஒரு முழம் கிள்ளி, ரீட்டாவுக்கு என்று நீட்டினார். கை நீட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து மாதா படத்துக்கு வைத்தேன்.

செப். 3. முதல் வெள்ளி.

பூசைக்குப் போனேன். பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. பின் பெஞ்சில் இருவர் பேச்சு: "வெய்யிலப் பாருங்க, ஊர்ல சித்திரை மாசம் மாதிரி இருக்கு." "ஃபேன் வேற ரிப்பேரு."

ஸ்டூடியோவில் நெகட்டிவை எடுத்துக் கத்தரிக்கோலும் எடுத்தேன். எட்டும் ஒன்பதும் வெட்டி எடுத்துவிட்டு ஏழை மட்டும் கலாவுக்குப் போட்டுக் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அங்கே ஒரு வெட்டு, அவ்வளவுதான். கோ.சாமிக்கு நிம்மதி, எனக்குக் கீழ்க் கடையில் தினம் முகம் பார்க்க வசதி.

கத்தரிக்கோலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் வெட்ட முடியவில்லை. யோக்கியன் என்பதால் இல்லை. ஒரு நெகட்டிவையும் நான் இதுவரை எரித்ததில்லை, வெளிச்சம் அதிகமாகிக் கெட்டதைக்கூட. என் அலமாரியைப் பார்த்தாலே தெரியும், எனக்கு எதையும் விடத் தெரியாது.

ரீ. சாயங்காலம் சொன்னது: "ரிஜிஸ்டர் இன்னும் ஆகலைல்ல. அந்தப் பொண்ணு சட்டப்படி இன்னும் அவன் பொண்டாட்டி இல்ல. இந்த மாசம் எப்படியாச்சும் ஏமாத்திக் கையெழுத்து வாங்கினாலும் வாங்கிருவான். அதுக்குள்ள அவளுக்குத் தெரியணும். நீங்க காட்டலைன்னா நான் காட்டறேன்."

ரீ. சொல்வதைச் செய்கிற ஆள். நானே செய்கிறேன் என்றேன். எப்படி என்று சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

செப். 4, சனி.

செய்ய வேண்டியிருக்கவில்லை. அவளே வந்துவிட்டாள்.

வசந்தா மட்டும். புதுச் சேலை, கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னும் நிறம் சேலையில் ஒட்டுகிறது. படியேறி வந்து உட்கார்ந்தாள். எழுந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணே, தாலி கட்டற படம் எங்க?"

"கலர்ல..."

"கலர்ல இல்லண்ணே, லேப்ல இருந்து வந்ததை அப்பா கொண்டு வந்தாரு, பாத்தேன். அந்த இடம் மட்டும் இல்ல. அப்பாவைக் கேட்டா கேமரா கெட்டுப் போச்சுங்கறாரு. இவரைக் கேட்டா போட்டோகிராஃபர் சரியில்லங்கறாரு. நீங்க பெட்டிக் கேமரால எடுத்தீங்க. நான் பாத்தேன்."

மூன்று படத்தையும் முன்னால் வைத்தேன். மேசை விளக்கைப் போட்டேன்.

முதலில் எட்டை எடுத்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, தன் கல்யாணப் படத்தைப் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் வருவதுதான். அதற்காகவே நான் ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு ஏழைப் பார்த்தாள். ஏழை எடுத்து எட்டின்மேல் வைத்தாள். பக்கத்தில் வைத்தாள். விரலைத் தொட்டுப் பார்த்தாள், படத்தில்.

"இது யாரு வீட்டுச் சாவு?"

"பூன் லேல. தங்கவேலுன்னு ஒருத்தர்."

"இந்தப் பையன்?"

"அவரோட பேரன். மக வயித்துப் பேரன்." சொல்லிவிட்டு நிறுத்தினேன். பிறகு முழுவதும் சொன்னேன், கலா மார்க்கெட்டில் சொன்னதையும்.

அவள் அழவில்லை. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். படத்தைத் திருப்பி வெற்றுப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, ட்ரிக் ஷாட்னு செய்வாங்களாமே. ரெண்டு படத்தை ஒட்டி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுமாமே. இது அப்படி இருக்குமா?"

கெஞ்சலாகத்தான் கேட்டாள். இருக்கும்மா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். வாழ்நாள் முழுதும் அதையே பிடித்துக்கொண்டு இருந்திருப்பாள் என்றும் தோன்றியது. இத்தனை பழைய கேமராவை வைத்திருக்கிற ஆள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்.

"இல்லம்மா" என்றேன்.

தலையாட்டினாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

நான் மேசை விளக்கை அணைத்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்போதுதான் உடைந்தாள். மோகனுக்கு அழாதவள் அப்பாவுக்கு அழுதாள், சத்தம் வராமல், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. கீழே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, யாரிடமோ சாமந்தி விலை பேசிக்கொண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரு நாளைக்கு ரிக்குக்குப் போறேன்னாரு. காலையிலயே" என்றாள்.

"நாளைக்கு அந்த வீட்ல பதினாறாம் நாள்."

"எந்த புளோக்?"

சொன்னேன்.

செப். 5, ஞாயிறு.

காலையில் பெரிய மழை, பிறகு விட்டது. புளோக்குக்குக் கீழே சிமென்ட் தரையெல்லாம் ஈரம். பூசைக்கு ரீ. மட்டும் போனாள். நான் தங்கவேலுவின் பெரிய படத்தைக் கண்ணாடி போட்டு எடுத்துக்கொண்டு, சடங்கு முடிந்ததும் குடும்பப் படம் வேண்டும் என்று கலா கேட்டிருந்ததால் இரட்டைக்கண்ணனையும் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். புது ரோல். ஏழாம் படத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதை எப்படி அவள் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை.

மோகன் உட்கார்ந்திருந்தான், வெள்ளை வேட்டி, ஐயர் சொல்லச் சொல்ல எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டு. மடியில் குமார். மோகன் என்னைப் பார்த்தான். கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டியது. "அப்பா, கொட்டிட்டீங்க" என்றான் பையன். எழுந்திருக்கக் கூடாத நேரம், அதனால் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இடைவெளி கிடைத்ததும் அருகில் வந்து மெதுவாக, "அண்ணே, கோவிந்தசாமி மாமா எல்லாம் சொன்னாரு. எரிச்சாச்சுல்ல?" என்றான்.

நான் லென்ஸைத் துடைத்தேன்.

டாக்ஸி ஒன்று வந்து நின்றது. வசந்தா இறங்கினாள். முகூர்த்தச் சேலையையே கட்டியிருந்தாள், அரக்குச் சிவப்பு, தலையில் பூ. துக்க வீட்டுக் கூட்டத்தின் நடுவில் அந்தச் சிவப்பு நடந்து வந்ததும் பேச்செல்லாம் நின்றுபோயிற்று. கிழவி ஒருத்தி எழுந்து ஓடிவந்து மறித்தாள். "யாரும்மா நீ? புதுப்பொண்ணா இருக்க, தாலிக் கயிறு காயல. கருமாதி வீட்டுக்கெல்லாம் இப்ப வரக் கூடாதும்மா. ஆகாது."

"ஆனது ஆயிருச்சு பாட்டி" என்றாள் வசந்தா.

மோகன் எழுந்தே விட்டான். "நீ எப்படி இங்க?" அந்தக் கேள்வியிலேயே கலா திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு வசந்தாவின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவன் முகத்தை. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கலாவின் கையிலிருந்த தட்டை யாரோ வாங்கிக்கொண்டார்கள், இல்லாவிட்டால் விழுந்திருக்கும்.

"எப்ப?" என்றாள் கலா.

"போன ஞாயித்துக்கிழமை" என்றாள் வசந்தா. "எனக்கும் நேத்துதான் தெரியும்க்கா. சத்தியமா."

"அப்பாவ எரிச்சு எட்டே நாள்லயா?"

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மோகன் "கலா, நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்தான். அவனை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, எனக்கு இரண்டு பெண்களின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

வசந்தா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, கேமரா கொண்டு வந்திருக்கீங்கல்ல. ஒரு படம் எடுங்க. எங்க எல்லாரையும் சேத்து. நாளைக்கு யாரும் ட்ரிக் ஷாட்டுன்னு சொல்லக் கூடாது."

நான் கலாவைப் பார்த்தேன். அவள் வீடு, அவள் அப்பாவின் காரியம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். கலா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். குமாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வசந்தாவுக்குப் பக்கத்தில், தோள் படும்படி நின்றாள். மோகன் நகரப் பார்த்தான்.

"நில்லுங்க" என்றாள் கலா அவனிடம். "சாவுக்கு நின்னீங்கல்ல. கல்யாணத்துக்கும் நின்னீங்கல்ல. இதுக்கும் நில்லுங்க."

நின்றான்.

குனிந்தேன். கண்ணாடியில் நான்கு பேரும் இடம்வலம் மாறி நின்றார்கள். பெரியவர்கள் மூவரும் எங்கோ பார்த்தார்கள். குமார் மட்டும் நேராக என்னைப் பார்த்து, யாரோ சொல்லிக்கொடுத்தபடி, பல் தெரியச் சிரித்தான்.

எடுத்தேன்.